வீல் பேரிங்கும் "அதெல்லாம் வீட்ல முடியாது சார்" கோஷ்டியும்

"அதெல்லாம் வீட்ல பண்ற வேலை இல்ல சார்."

இந்த ஒத்தை வரியைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சுங்க. சர்வீஸ் சென்டர்ல டை கட்டின தம்பி சொல்றார். ஆபீஸ்ல கூட பொட்டி தட்டுற நண்பர் சொல்றார். போன வாரம் நம்ம சக பதிவர் ஒருத்தர் போன்ல, "வீல் பேரிங்கை வீட்ல மாத்துறது தற்கொலை முயற்சி, அதைப் பத்தி எழுதி நாலு பேரைக் கெடுத்துடாதீங்க"ன்னு உபதேசமே பண்ணிட்டார். போன்ல பதில் சொன்னா அவர் காதுக்கு மட்டும்தான் போகும். அதான் இங்க எழுதறேன்.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். வீல் பேரிங் மாத்துறது வீட்டு வாசல்ல செய்யக்கூடிய வேலைதான். அதுல ஒரே ஒரு பகுதிக்கு மட்டும் லேத்து பட்டறை வேணும். "முடியாது"ன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேருக்கு அந்த வேலை என்னன்னே தெரியாது. மீதிப் பேருக்கு, நமக்குத் தெரியாம இருக்கிறவரைக்கும்தான் லாபம்.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. சக்கரம் ஹப்புல மாட்டியிருக்கு. ஹப் சுத்தும். அதைப் பிடிச்சிருக்கிற நக்கிள் சுத்தாது. சுத்துறதுக்கும் சுத்தாததுக்கும் நடுவுல உள்வளையம், வெளிவளையம், ரெண்டு வரிசை குண்டு, கிரீஸ், ரெண்டு பக்கமும் சீல். இவ்வளவுதான் பேரிங். கையில வெச்சா ஒரு தேங்காய் எடைகூட இருக்காது. ஆனா காரோட எடையில கிட்டத்தட்ட கால்வாசி அதுமேல உக்காந்திருக்கு. 60 கிலோமீட்டர் வேகத்துல போனா சின்ன கார் சக்கரம் நிமிஷத்துக்கு 550 சுத்துக்கு மேல சுத்தும். அத்தனை சுத்துக்கும் அந்தக் குண்டுங்க வழவழன்னு உருளணும். வளையத்துல கடுகு அளவுக்குப் பள்ளம் விழுந்தாலும் "ஊஊஊ"ன்னு ஒரு சத்தம் ஆரம்பிச்சுடும்.

விம்கோ நகர்ப் பக்கம் வண்டி வெச்சிருக்கிறவங்களுக்கு இந்த சத்தத்தை நான் விளக்க வேண்டியதில்ல. எண்ணூர் விரைவு சாலையில கன்டெய்னர் லாரிங்க வரிசைக்கு நடுவுல தினம் நீந்திப் பாருங்க. மணலி பக்கம் ஒரு மழைக்கு அப்புறம் போய்ப் பாருங்க. லாரி டயர் உருவாக்கின பள்ளத்துல நம்ம தக்கனூண்டு சக்கரம் இறங்கி ஏறும்போது வர்ற அடி நேரா பேரிங்குக்குத்தான். கிழக்கால கடல், உப்புக்காத்து. ஆக்ஸில் நட்டும் நக்கிளும் துரு பிடிச்சு ஒண்ணோட ஒண்ணு கல்யாணம் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்கும். இது போதாதுன்னு வெள்ளம். 2015 டிசம்பர் ஒரு தடவை. 2023 டிசம்பர் மிக்ஜாம் இன்னொரு தடவை, அதுல தண்ணியோட எண்ணெயும் சேர்ந்து எண்ணூர் முகத்துவாரம் வரைக்கும் போச்சு.

ஓடி சூடா இருக்கிற ஹப் தேங்கின தண்ணியில இறங்கினா உள்ள இருக்கிற காத்து சட்டுன்னு குளிர்ந்து சுருங்கும். அந்த இழுப்புல சீல் ஓரமா தண்ணி உள்ள போயிடும். கிரீஸோட தண்ணி கலந்தா அது கிரீஸ் இல்ல, சேறு. அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. மூணு, நாலு மாசம் கழிச்சு ஊளையிட ஆரம்பிக்கும். "வெள்ளத்துல மாட்டினதுக்கு அப்புறமும் நல்லாத்தானே ஓடிச்சு"ன்னு அப்போ சொல்லிக்கிட்டு இருப்போம்.

ஆக நம்ம ஏரியாவுல இது ஏதோ பத்து வருஷத்துக்கு ஒருதரம் வர்ற அபூர்வ நோய் இல்ல. ஜலதோஷம் மாதிரி. ஜலதோஷத்துக்கு எல்லாரும் பெரியாஸ்பத்திரிக்கா ஓடுறோம்?

என் கதைக்கு வர்றேன். வண்டி பழைய ஹேட்ச்பேக். 40 தாண்டினா இரைச்சல், 60ல காருக்குள்ள பேச முடியல. ஒரு சர்வீஸ் சென்டர் (பேர் வேணாம், எந்த பேரா இருந்தாலும் கதை இதேதான்) முதல்ல டயர் சத்தம்னாங்க. நாலு டயரும் மாத்தச் சொன்னாங்க. அடுத்த தடவை போனப்போ பேரிங்தான்னு ஒத்துக்கிட்டாங்க, ஆனா "பேரிங் தனியா வராது சார், நக்கிள், ஹப்போட அசெம்பிளியா ரெண்டு பக்கமும்"னு 14,000 ரூபாய்க்கு ஒரு தாள் கொடுத்தாங்க. பேரிங் தனியா வராதாம். நான் விம்கோ நகர்ல மெட்ரோ ஏறி எல்.ஐ.சி. ஸ்டேஷன்ல இறங்கி ஜி.பி. ரோடுக்கு நடந்து போய், அந்தத் தனியா வராத பேரிங்கை 1,650 ரூபாய் கொடுத்து பில்லோட வாங்கிட்டு வந்தேன். சர்கிளிப்பும் புது ஆக்ஸில் நட்டும் 200. ஊளையிட்டது இடது பக்கம் மட்டும்தான், அதனால ஒண்ணே ஒண்ணுதான் வாங்கினேன்.

இடது பக்கம்னு எப்படித் தெரியும்? இது சர்வீஸ் சென்டர்ல யாரும் செய்யாத சோதனை, செலவு சுத்தமா சைபர். ஆளில்லாத ரோட்ல 50ல போய்க்கிட்டே மெதுவா வலது பக்கம் வளைங்க. எடை இடது சக்கரத்துக்குப் போகும். சத்தம் கூடினா பெரும்பாலும் இடது பேரிங். இடது பக்கம் வளைச்சா கூடுச்சுன்னா வலது. ரெண்டு பக்கமும் மாறவே இல்லன்னா டயரா இருக்கலாம், முன் டயரைப் பின்னாடி மாத்திப் போட்டு ஓட்டிப் பாருங்க, சத்தமும் சேர்ந்து இடம் மாறுதான்னு. அப்புறம் சக்கரத்தை மேல தூக்கி ஒரு கையால சுத்திக்கிட்டே இன்னொரு கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல வையுங்க. போன பேரிங்னா கரகரன்னு விரல்ல தெரியும். கடிகாரத்துல 12 மணி, 6 மணி இடத்துல பிடிச்சு ஆட்டினா ஆடுதா? பேரிங்கையோ பால் ஜாயின்ட்டையோ சந்தேகப்படலாம். 3 மணி, 9 மணியில மட்டும் ஆடினா டை ராட் பக்கம் பாருங்க. நாலு டயர் வாங்கச் சொன்ன தம்பிக்கு இது தெரியாதுன்னு நான் சொல்லல. செஞ்சு பார்க்க அவருக்கு நேரம் கொடுக்கறதில்ல. அவருக்கு டார்கெட் இருக்கு.

இப்போ எதிர்க்கட்சியோட பெரிய ஆயுதத்துக்கு வருவோம்: பாதுகாப்பு. "சக்கரம் கழண்டுடுச்சுன்னா?"

நியாயமான கேள்வி. பேரிங் முத்திப் போய் ஓட்டினா ஹப் ஆடி, பிரேக் டிஸ்க் உரசி, கடைசியில சக்கரமே கழண்டு போகலாம். பக்கத்து லேன்ல 40 அடி கன்டெய்னர் வந்துக்கிட்டு இருக்கும்போது அது நடந்தா என்னாகும்னு எனக்கும் தெரியும், அதே ரோட்லதான் தங்கமணியையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போறேன். ஆனா இந்த வாதத்துல ஒரு ஓட்டை இருக்கு. வேலை பத்திரமா நடக்கறது எந்தக் கூரைக்குக் கீழ நடக்குதுங்கிறதைப் பொறுத்தது இல்ல, எந்த முறையில நடக்குதுங்கிறதைப் பொறுத்தது. பளபளன்னு டைல்ஸ் போட்ட ஒர்க்‌ஷாப்லயும் சுத்தியலை வெச்சு பேரிங் அடிச்சு ஏத்துறதை என் கண்ணால பார்த்திருக்கேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு காபி குடிக்கற கஸ்டமருக்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

சுத்தியல் ஏன் கூடாது? இதுதான் இந்தப் பதிவோட உயிர்நாடி, கொஞ்சம் பொறுமையா படிங்க. நக்கிளுக்குள்ள பேரிங்கை ஏத்தும்போது அழுத்தம் வெளிவளையத்துல மட்டும் விழணும். ஏன்னா இறுக்கமா உக்காரப் போறது வெளிவளையம். அடுத்து ஹப்பை பேரிங்குக்குள்ள ஏத்தும்போது உள்வளையத்துக்கு அடியில முட்டு கொடுக்கணும். இதை மாத்திப் பண்ணினா மொத்த அழுத்தமும் குண்டுங்க வழியா போய் ஓடுபாதையில சின்னச் சின்னக் குழி போட்டுடும். புது பேரிங் அன்னிக்கே செத்துடும், நமக்குத் தெரிய சில ஆயிரம் கிலோமீட்டர் ஆகும். இந்தக் குழிக்கு பிரினெல் குழின்னே பேர். 1900ல உலோகத்து மேல இரும்புக் குண்டை அழுத்தி, விழற பள்ளத்தை அளந்து கடினத்தைச் சொல்ற சோதனையைக் கொண்டுவந்த ஸ்வீடன்காரர் யோஹான் பிரினெல் பேர்ல வந்தது. நாம சுத்தியலால அடிக்கும்போது, 1,650 ரூபாய் செலவுல பிரினெல் சோதனை பண்ணிக்கிட்டு இருக்கோம். சொ.செ.சூ.ன்னா இதுதான்.

(கொசுறு: ஸ்வீடன்னு சொன்னதும் ஞாபகம் வருது. 1907ல எஸ்.கே.எஃப். பேரிங் கம்பெனி ஆரம்பிச்சதும் அந்த ஊர்க்காரங்கதான். வோல்வோங்கிற பேரே அந்தக் கம்பெனி பேரிங்குக்காகப் பதிவு பண்ணி வெச்ச பேர், லத்தீன்ல "நான் உருள்கிறேன்"னு அர்த்தம். நம்ம ஏரியாவுக்குப் பேர் கொடுத்த விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியும் ஸ்வீடன்காரங்க போட்டதுதான். இதுக்கும் என் வாதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, சும்மா சொல்லி வெச்சேன்.)

அப்போ என்ன பண்றது? பிரிக்கிறது வாசல்ல, அழுத்தறது பட்டறையில. சக்கரம் தரையில இருக்கும்போதே ஆக்ஸில் நட்டோட மடிச்ச உதட்டை நிமித்தி, நீளமான பார் போட்டு தளர்த்திடணும். அப்புறம் ஜாக்கியில தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, காலிப்பரைக் கழட்டி கம்பியால ஸ்பிரிங்ல கட்டித் தொங்கவிடணும், பிரேக் ஹோஸ்ல தொங்க விடக்கூடாது. டிஸ்க், டை ராட் எண்டு, பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் போல்ட்டு. ஸ்ட்ரட் போல்ட்டைக் கழட்டறதுக்கு முன்னாடி இருக்கிற இடத்தை ஆணியால கீறி அடையாளம் வெச்சுக்கிட்டா திரும்பப் போடும்போது உதவும், அதுக்கப்புறமும் ஒரு அலைன்மென்ட் பார்க்கறது நல்லது. ஏபிஎஸ் வண்டியா இருந்தா சென்சார் ஒயரை மறக்காம எடுத்துடுங்க. நக்கிள் கையில வந்துடும். ஒரு கட்டைப்பையில போட்டு எடுத்துக்கிட்டு லேத்து பட்டறைக்கு நடக்கலாம்.

வடசென்னைல லேத்து பட்டறைக்கா பஞ்சம்? எண்ணூர்ல லேலண்ட், திருவொற்றியூர்ல என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்.ன்னு வளர்ந்த ஊர் இது. பெரிய கம்பெனிங்களைச் சுத்தி நாலு தெருவுக்கு ஒரு பட்டறை முளைச்ச பூமி. நான் போற பட்டறைக்காரர் நக்கிளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி: "இன்னா தம்பி, சுத்தி கித்தி போட்டியா?" இல்லண்ணேன்னு சொன்னதும்தான் கையில வாங்கினார். ஹைட்ராலிக் பிரஸ்ல ஹப்பைத் தள்ளி, சர்கிளிப் எடுத்து, பழசை வெளிய தள்ளினார். ஹப்புல ஒட்டிக்கிட்டு இருந்த பாதி உள்வளையத்தை புல்லர் போட்டு உருவினார். போரைத் துடைச்சு, துரு எடுத்து, விரலால சுத்தி தடவிப் பார்த்தார். புது பேரிங்குக்கு அளவு பார்த்து ஒரு பழைய வளையத்தையே முட்டா வெச்சு, வெளிவளையத்துல அழுத்தினார். "டக்"னு உக்காந்ததும் நிறுத்தினார். இருபது நிமிஷம். 250 ரூபா. "அடிச்சா அதுக்கு வலிக்காதா? அதான் கத்துது"ன்னார். பிரினெல் கதையை அவருக்கு நான் சொல்லல. அவருக்கு அது தேவையும் இல்ல.

"உன்னை மாதிரி ஆளுங்களே எல்லாம் பண்ணிக்கிட்டா மெக்கானிக் பொழைப்பு என்னாகறது?"ன்னு ஒரு கேள்வியும் வரும். அதுவும் யார்கிட்டேர்ந்து? வாழ்க்கையில ஒரு தடவைகூட தெருமுனை மெக்கானிக்கிட்ட வண்டி விடாத, சர்வீஸ் சென்டர்ல மட்டும் விடற அன்பர்கள்கிட்டேர்ந்து! மெக்கானிக் வயித்துல அடிச்சது நானா? 2011ல ஒரு நுகர்வோர் கொடுத்த புகாரை விசாரிச்சு, 2014 ஆகஸ்ட்ல இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. எதுக்கு? வெளி மெக்கானிக்குகளுக்கு ஒரிஜினல் பார்ட்ஸும், பழுது கண்டுபிடிக்கிற கருவிகளும் கிடைக்காம அடைச்சு வெச்சதுக்கு. வெளியில கை வெச்சாலே வாரண்டி மொத்தமும் போச்சுன்னு பயமுறுத்தறதும் கூடாதுன்னு அந்த உத்தரவு சொல்லுச்சு. அப்புறம் மேல்முறையீடு, அபராதக் குறைப்புன்னு கேஸ் இழுத்துக்கிட்டே போனது தனிக்கதை. 2022ல மத்திய நுகர்வோர் துறை "பழுது பார்க்கும் உரிமை"க்குன்னு குழு போட்டு, டிசம்பர்ல ஒரு இணைய தளமும் திறந்தது, அதுல வாகனமும் ஒரு பிரிவு. அமெரிக்காவுல மசாசூசெட்ஸ்ல 2012லயே மக்கள் ஓட்டுப் போட்டு இதைச் சட்டமா கேட்டாங்க. தெருமுனை மெக்கானிக்கும் நானும் ஒரே கட்சிங்க. பூட்டு போட்டவன்தான் எதிர்க்கட்சி. என் 250 ரூபாய் நேரா பட்டறைக்காரர் கைக்குப் போச்சு, 14,000ல அவர் தெருவுக்கு ஒத்தை ரூபா வந்திருக்குமா?

இப்போ என் பக்கத்து ஆளுங்களுக்கும் கொஞ்சம் பூசை. வீடியோவைப் பார்த்துட்டு ஞாயித்துக்கிழமை சுத்தியும் சாக்கெட்டுமா இறங்கற வீரர்கள் இருக்காங்களே, அவங்களாலதான் அந்த "முடியாது சார்" கோஷ்டிக்கு வாய் நீளுது. பழைய பேரிங்கை வெளிய எடுக்க வேணும்னா அடிச்சுக்குங்க, அது எப்படியும் குப்பைதான், நக்கிளுக்கு மட்டும் அடி படக்கூடாது. புதுசை ஏத்த அடிக்காதீங்க. பேரிங்கை ஃபிரீசர்ல வெச்சா சுருங்கும், சுலபமா ஏறும்னு ஒரு வைத்தியம் இருக்கு. உண்மைதான். காத்துப் புகாத கவர்ல போட்டு வெச்சீங்கன்னா ஈரமும் ஏறாது, காசிமேட்டு வஞ்சிரம் வாசனையும் ஏறாது (தங்கமணி இதைப் பார்த்தப்போ நடந்தது சென்சார் செய்யப்பட்டது). ஆனா நக்கிளை கேஸ் டார்ச்ல பழுக்கக் காய்ச்சாதீங்க, சீலும் கிரீஸும் காலி.

ஏபிஎஸ் வண்டிங்கள்ல பல பேரிங்குகளோட ஒரு பக்கத்து சீல்லயே காந்த வளையம் இருக்கும், சக்கர வேகத்தைப் படிக்க. அது சென்சார் பக்கம் பார்க்கணும். திருப்பிப் போட்டா டேஷ்போர்டுல விளக்கு எரியும், மறுபடியும் எல்லாத்தையும் பிரிக்கணும், புது பேரிங்கும் போச்சு. காந்தத் தட்டுல போல்ட்டு போட்டு வைக்கிற பழக்கம் இருந்தா பேரிங்கை அது பக்கத்துலயே கொண்டு போகாதீங்க. இப்போ பல வண்டிங்கள்ல ஹப்பும் பேரிங்கும் ஒரே துண்டா வந்து நாலு போல்ட்டுல முடியுது. அதுக்கு பிரஸ்ஸே வேண்டாம், விலை மட்டும் கூட.

கடைசியா ஆக்ஸில் நட்டு. அதைப் பழசையே திரும்பப் போடாதீங்க, 'கைக்கு டைட்டா இருக்கு'ன்னும் விடாதீங்க. உள்வளையத்தை இறுக்கிப் பிடிச்சு வெச்சிருக்கிறதே அந்த நட்டுதான். சின்ன கார்களுக்குப் பெரும்பாலும் 150லிருந்து 250 நியூட்டன் மீட்டர் வரைக்கும் இருக்கும், உங்க வண்டிக்கு எவ்வளவுன்னு மேனுவல்ல பார்த்துக்குங்க. சரியா முறுக்கறதுக்கு முன்னாடி காரோட முழு எடையையும் அந்தச் சக்கரத்துல இறக்கி உருட்டக்கூடாது. டார்க் ரெஞ்ச் இல்லாதவங்க, ஆக்ஸில் ஸ்டாண்டு இல்லாம ரெண்டு செங்கல்லை வெச்சுட்டு அடியில கை விடறவங்க, தயவுசெஞ்சு இந்த வேலையை ஆரம்பிக்காதீங்க. கில்லாடித்தனமெல்லாம் வேணாம். இந்த விஷயத்துல மட்டும் போன்ல உபதேசம் பண்ணின நண்பரோட நான் நூத்துக்கு நூறு ஒத்துப் போறேன்.

பார்ட்ஸ் வாங்கற இடமும் முக்கியம். பேரிங்ல போலி ஜாஸ்தி. டப்பாவும் ஹோலோகிராமும் அசலை விட அழகா இருக்கும். பாதி விலைக்குக் கிடைச்சா அது அதிர்ஷ்டம் இல்ல. பில் கொடுக்கிற கடையில வாங்குங்க. சில கம்பெனிங்க அசலா போலியான்னு சரி பார்க்க போன் ஆப் வெச்சிருக்காங்க, கடையில நின்னுக்கிட்டே பார்த்துடலாம். புதுப்பேட்டைல பழைய கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம். பழைய பேரிங் வாங்காதீங்க சாமிகளா.

இவ்வளவு சொல்லியும், "அதெல்லாம் சரிங்க, நாம போய் கிரீஸ்ல கை வெச்சுக்கிட்டு..."ன்னு ஒரு இழுப்பு வரும் பாருங்க, அந்த "நாம"தான் என்னைக் கடுப்பேத்துது. யாரு அந்த நாம? என் அப்பா ஷிஃப்டு முடிஞ்சு வந்து மண்ணெண்ணெய் ஊத்திக் கை கழுவுவார். எண்ணூர்லேர்ந்து ராயபுரம் வரைக்கும் முக்கால்வாசி வீட்ல அந்த வாசனை இருந்திருக்கும். அவங்க பிள்ளைங்க நாம படிச்சு, பொட்டி தட்டி, கார் வாங்கி, இப்போ அந்தக் காரோட பானெட்டைத் திறந்தா அசிங்கம்னு நினைக்கிறோம். ஆயுத பூஜைக்கு ஸ்பேனரை எடுத்து, துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, கன்னத்துல போட்டுக்கறோம். மறுநாள் அதைக் கையில எடுத்தவனைப் பார்த்து "இது எதுக்குங்க உங்களுக்கு, ஆளுங்க இருக்காங்களே"ங்கறோம். அந்த "ஆளுங்க"ங்கிற வார்த்தையைச் சொல்லும்போது குரல் எவ்வளவு கீழ இறங்குதுன்னு ஒருதரம் கவனிச்சுப் பாருங்க. பாதுகாப்பு, வாரண்டி, நேரமில்லைன்னு மேல போர்த்தியிருக்கிறதை எல்லாம் விலக்கிட்டா அடியில கிடக்கறது இதுதான்னு எனக்கு சந்தேகம். நிஜமாவே நேரமில்லாதவங்க, உடம்பு ஒத்துழைக்காதவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அவங்க நல்ல மெக்கானிக்கிட்ட கொடுத்து, "பிரஸ்ல போடுவீங்களா, சுத்தியலா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா போதும்.

எனக்கு இடது பக்கம் முடிக்க அரை நாள் ஆச்சு. துரு பிடிச்ச பால் ஜாயின்ட் மட்டுமே ஒரு மணி நேரம் சாப்பிட்டுச்சு. மொத்தச் செலவு 2,100 ரூபாய், டார்க் ரெஞ்ச் தனி, அது 4,000 சொச்சம். இப்போ 80லயும் காருக்குள்ள பாட்டு கேக்குது.

டிஸ்கி: உபதேச நண்பரோட கார்லயும் "ஊஊஊ" சத்தம் கேக்குது, வலது முன்பக்கம், போன மாசம் கூட உக்காந்து போனப்பவே கவனிச்சேன். நண்பரே, டார்க் ரெஞ்சும் ரெண்டு ஸ்டாண்டும் எங்க வீட்லதான் இருக்கு, ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கலாம். பட்டறை மதியம் ஒரு மணி வரைக்கும்தான், அதனால காலைல ஏழு மணிக்கே வந்துடுங்க. டார்க் ரெஞ்சைத் துடைச்சு, ஸ்பிரிங்கைத் தளர்த்தி வெச்சுத் திருப்பித் தரணும்.